வீட்டு விளையாட்டு அறைக்குக் குறைந்த செலவில் பூல் டேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு அறை காலியாகக் கிடக்கிறது, அதில் பூல் டேபிள் போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. பூல் என்பது கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை டேபிள் ஓரத்துப் பாக்கெட்டுகளில், அதாவது குழிகளில், விழவைக்கும் ஆட்டம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நான் இதுவரை இரண்டு டேபிள் வாங்கியிருக்கிறேன். முதலாவது புதிது, பார்க்க அழகானது, சீக்கிரமே வீணாய்ப் போனது. இரண்டாவது பழையது, கல் பதித்தது, இன்றும் விளையாடுகிறோம். அந்த இரண்டிலும் கற்றுக்கொண்டதையும், நண்பர்களுக்காக டேபிள் பார்க்கப் போன இடங்களில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும், விலையையா, அளவையா?

அறையை. விலை அப்புறம். டேபிள் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம், அறையின் சுவரைத் தள்ளி வைக்க முடியாது. அறைக்கு அடுத்தது டேபிளின் படுகை, அதாவது துணிக்கு அடியில் இருக்கும் பலகை அல்லது கல். அதற்கும் அடுத்தது ஓரத்து ரப்பர், அதாவது பந்து மோதித் திரும்பும் குஷன். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. துணி கிழிந்தால் மாற்றலாம், கோல் வளைந்தால் வேறு வாங்கலாம், காலில் பாலிஷ் போனால் பூசிக்கொள்ளலாம். குறைந்த பணத்தில் வாங்குகிறவர் இந்த வரிசையை விட்டு விலகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

டேபிள் அறைக்குள் அடங்கினால் போதாது, கோலும் அடங்க வேண்டும். சாதாரண பூல் கோலின் நீளம் 57 அல்லது 58 அங்குலம். வெள்ளைப் பந்து ஓரத்து குஷனை ஒட்டி நிற்கும்போது, அடிக்கிறவர் கையில் அந்தக் கோல் முழுவதும் பந்து ஓடும் பரப்புக்கு வெளியேதான் இருக்கும். அதனால் கணக்கு இப்படி: பந்து ஓடும் பரப்பின் நீளத்தோடு இரண்டு கோல் நீளம் கூட்டுங்கள், அகலத்தோடும் அதே மாதிரி கூட்டுங்கள். வருவதுதான் அறைக்குத் தேவையான அளவு.

8 அடி டேபிளின் ஆடுபரப்பு 44க்கு 88 அங்குலம். அதோடு இரண்டு 58 சேர்த்தால் 160க்கு 204 அங்குலம், அதாவது 13 அடி 4 அங்குல அகலமும் 17 அடி நீளமும். 9 அடி டேபிளின் ஆடுபரப்பு 50க்கு 100 அங்குலம். அதற்கு 13 அடி 10 அங்குலமும் 18 அடியும் வேண்டும். 7 அடி டேபிளில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு கொஞ்சம் மாறும். 39க்கு 78 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் 12 அடி 11 அங்குலமும் 16 அடி 2 அங்குலமும் வரும். இவை குறைந்தபட்ச அளவுகள். ஒவ்வொரு பக்கமும் இன்னும் அரை அடி கிடைத்தால் கை தாராளமாகப் பின்னால் போய் வரும்.

அளக்கும்போது இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். ஒன்று, கடைக்காரர் சொல்லும் '8 அடி' என்பது வெறும் பெயர். ஆடுபரப்பை ஒரு குஷனின் மூக்கிலிருந்து, அதாவது பந்து படும் முன்விளிம்பிலிருந்து, எதிர்க் குஷனின் மூக்கு வரை டேப் வைத்து நீங்களே அளக்க வேண்டும். இன்னொன்று, சுவரிலிருந்து சுவர் வரை அளந்துவிட்டு அலமாரியையும் சோபாவையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள். கோலுக்கு அலமாரியும் சுவர்தான்.

காகிதத்தில் போட்ட கணக்கு நம்பிக்கை தரவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். தரையில் செய்தித்தாளை விரித்து ஆடுபரப்பின் அளவுக்கு ஒட்டுங்கள். ஒரு கம்பை 58 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தாளின் விளிம்பில் கம்பின் நுனியை வைத்து, குனிந்து, அடிப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நாலு மூலை, நாலு பக்க நடுவிடம் எல்லாவற்றிலும் செய்யுங்கள். எந்த இடத்தில் முழங்கை இடிக்கிறது, எங்கே ஜன்னல் கம்பி தட்டுகிறது என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். என் நண்பர் ஒருவருக்கு இப்படிச் செய்தபோதுதான் அறைக் கதவு உள்பக்கம் திறக்கும் என்பதே எங்களுக்கு உறைத்தது.

ஒரு பக்கம் மட்டும் இடம் குறைகிறது. வாங்காமலே விட்டுவிடலாமா?

வேண்டாம். 52 அங்குலத்திலும் 48 அங்குலத்திலும் குட்டைக் கோல்கள் கிடைக்கின்றன. 8 அடி டேபிளுக்கு எல்லாப் பக்கமும் 52 அங்குலக் கோல் என்று வைத்துக்கொண்டால் 12 அடி 4 அங்குலமும் 16 அடியும் போதும். தூணோ சுவரோ ஓர் இடத்தில் மட்டும் இடித்தால், அந்த இடத்துக்கென்று ஒரு குட்டைக் கோலை மூலையில் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு முறை எடுத்தால் அதிகம்.

ஆனால் நான்கு பக்கமும் குட்டைக் கோல்தான் என்றால் டேபிளைச் சிறிதாக்குவதுதான் சரி. எப்போதும் குட்டைக் கோலில் ஆடினால் கை அதற்கே பழகிவிடும், வெளியே போய் முழுக் கோலைப் பிடிக்கும்போது தடுமாறும்.

7, 8, 9 அடி. எது வாங்குவது?

முழு நீளக் கோல் இடிக்காமல் அறையில் அடங்கும் அளவு எதுவோ அது. 9 அடிதான் பெரிய போட்டிகளில் ஆடும் அளவு என்பதற்காக நெருக்கியடித்துப் போட்டுவிட்டு ஒவ்வொரு அடிக்கும் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, 7 அடியில் சுதந்திரமாக ஆடுவது எவ்வளவோ மேல். பழைய டேபிள் தேடுகிறீர்கள் என்றால் வீடுகளில் அதிகம் இருப்பது 8 அடி. பொழுதுபோக்குக் கூடங்களில் காசு போட்டு ஆடும் டேபிள்கள் பெரும்பாலும் 7 அடி.

6 அடியும் அதற்குக் கீழும் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்கள் ஆடுவதற்கு என்றால், அந்த அளவில் ஆட்டம் சீக்கிரம் சலித்துவிடும் என்பது என் அனுபவம்.

ஸ்லேட் கல்லா, எம்டிஎஃப் பலகையா? விலை வித்தியாசத்துக்கு அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஸ்லேட் என்பது அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறை. அதைத் தட்டையாக அறுத்து, இயந்திரத்தில் தேய்த்துச் சமப்படுத்தி டேபிளுக்குப் போடுகிறார்கள். பில்லியர்ட்ஸ் டேபிள்களின் படுகை ஒரு காலத்தில் மரம்தான். 1820களில் லண்டனில் டேபிள் செய்துவந்த ஜான் தர்ஸ்டன் கல்லுக்கு மாறினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். இருநூறு வருஷமாகியும் போட்டி டேபிள்களில் அதே கல்தான். காரணம் எளிமையானது. அது ஈரத்தில் உப்பாது, வெயிலில் முறுக்காது, தன் எடையாலேயே அசையாமல் கிடக்கும். உலக பூல் சங்கத்தின் விதிப்படி போட்டி டேபிளில் கல்லின் தடிமன் குறைந்தது 1 அங்குலம் இருக்க வேண்டும்.

எம்டிஎஃப் என்பது மர நாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. புதிதாக இருக்கும்போது நன்றாகவே தட்டையாக இருக்கும். கடையில் பந்தை உருட்டினால் குறை எதுவும் தெரியாது. ஆனால் தண்ணீர் பட்டால் உப்பும், உப்பியது காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. அடியில் குறுக்குச் சட்டங்கள் போதவில்லை என்றால் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும்.

நான் முதலில் வாங்கியது அதுதான். செதுக்கிய கால், பளபளக்கும் ஓரம், சிவப்புத் துணி. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் எட்டாம் நம்பர் பந்தை மெதுவாகத் தட்டினேன். நேராகப் போய்க்கொண்டிருந்த பந்து, ஓட்டம் தளர்ந்ததும் இடது பக்க நடுப் பாக்கெட்டை நோக்கி வளைந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி அங்கேயே வளைந்தது. காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தேன். இடது பக்கம் நின்றது, வலது பக்கம் ஆரம்பித்தது. கடைசியில் ஜன்னல் பக்கத்துப் பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துணியின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தால், பலகையின் ஓரம் தண்ணீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பிப் பொருபொருத்துக் கிடந்தது. விற்ற கடையில் சொன்னேன். டேபிளைச் சரியாக லெவல் செய்யுங்கள் என்றார்கள். கோணலாகிவிட்ட பலகையை எந்த லெவலும் சரிசெய்யாது.

அதனால் என் தீர்மானம் இது: பத்து வருஷம் ஆட நினைத்தால், புதிய எம்டிஎஃப் டேபிளுக்குக் கொடுக்கும் பணத்தில் பழைய ஸ்லேட் டேபிள் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டாலோ, வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுகிறவராக இருந்தாலோ எம்டிஎஃப் வாங்கலாம், தப்பில்லை. அப்போது பலகை முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குனிந்து அடியில் பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், காலில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். ஈரம் ஏறாத அறையில் போடுங்கள்.

'செயற்கை ஸ்லேட்' என்று சொல்லி விற்கிறார்களே, அது என்ன?

பெயரில் ஸ்லேட் இருக்கும், உள்ளே கல் இருக்காது. பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய மரத்தூள் பலகை. வெறும் எம்டிஎஃப்பைவிட ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். தேன்கூடு மாதிரி உள்ளீடு வைத்த படுகைகளும் உண்டு, எடை மிகக் குறைவு. சந்தேகம் வந்தால் டேபிளின் மொத்த எடையைக் கேளுங்கள். 8 அடி டேபிளுக்கு 1 அங்குல ஸ்லேட் என்றால் கல்லே சுமார் 200 கிலோ வரும். மொத்த டேபிளும் 100 கிலோதான் என்று சொன்னால் உள்ளே இருப்பது கல் அல்ல.

ஒரே கல்லா, மூன்று துண்டா?

மூன்று துண்டு என்றால் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு அதுதான் வசதி. ஒவ்வொரு துண்டும் 65 முதல் 70 கிலோ இருக்கும், இரண்டு மூன்று பேர் தூக்கி மாடிப்படி ஏற்றிவிடலாம். துண்டுகளைத் தனித்தனியாக மட்டப்படுத்தி, சேரும் இடத்தில் தேன்மெழுகோ வேறு பூச்சோ இட்டு வழித்துவிடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் இணைப்பு எங்கே இருக்கிறது என்றே பந்துக்குத் தெரியாது. ஒரே கல் டேபிளில் இந்த வேலை இல்லை, ஆனால் அதை வாசலில் திருப்புவதே பெரும்பாடு. காசு போட்டு ஆடும் டேபிள்கள் பொதுவாக ஒரே கல்.

தடிமன் முக்கால் அங்குலம் இருந்தாலும் வீட்டு ஆட்டத்துக்குப் போதும். அடியில் மரச்சட்டம் உறுதியாக இருக்க வேண்டும்.

பழைய டேபிள் வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பது?

போகும்போது ஒரு டார்ச், ஒரு டேப், ஒரு ரசமட்டம், முடிந்தால் உங்களுடைய பந்து ஒன்று, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டேபிளைக் கழற்றி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், கழற்றுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். நிற்கிற டேபிளைப் பார்ப்பதுதான் எப்போதும் நல்லது.

இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் டேபிளைப் பார்க்கப் போனபோது அதன்மேல் அட்டைப்பெட்டிகள், இஸ்திரி போட வேண்டிய துணிகள் எல்லாம் குவிந்திருந்தன. எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிக் கேட்டேன், விற்பவரும் முகம் சுளிக்காமல் இறக்கினார். முதலில் கையாலேயே பந்தை மிக மெதுவாக நீளவாக்கில் இரண்டு முறை உருட்டிவிட்டேன். வேகமாக உருட்டினால் எந்தக் குறையும் தெரியாது. நின்றுவிடுமோ என்கிற அளவுக்கு மெதுவாகப் போகும்போதுதான் டேபிள் உண்மையைச் சொல்லும். ஒரே இடத்தைத் தாண்டும்போது இரண்டு முறையும் 'டக்' என்று மெல்லிய சத்தம் வந்தது. விரலை வைத்துத் தடவினால் துணிக்கு அடியில் நூலளவு மேடு. கல் இணைப்பில் பழைய பூச்சு பெயர்ந்து நின்றிருக்கிறது. இது பயப்பட வேண்டிய குறை அல்ல, மறுபடி பொருத்தும்போது சரியாகிவிடும்.

அப்புறம் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று கற்களும் சாம்பல் நிறமாகத் தெரிந்தன, மூன்றின் அடியிலும் ஒரே எண் எழுதியிருந்தது. இது முக்கியம். ஒரு டேபிளின் கற்களை ஒரே தொகுப்பாகத் தேய்த்துச் செய்வார்கள். எண் மாறியிருந்தால் வேறு டேபிளின் கல் கலந்திருக்கிறது, தடிமன் ஒத்துப்போகாமல் போகலாம். கல்லில் விரிசல் இருக்கிறதா என்றும், திருகு போகும் துளைகளைச் சுற்றியும் பாக்கெட் வளைவுகளிலும் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் நிரப்பிவிடலாம். குறுக்கே ஓடும் விரிசல் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

துணி கிழிந்திருப்பது, கறை, காலில் கீறல், இவை எல்லாம் உங்களுக்கு நல்லவைதான். விலையைக் குறைத்துப் பேசலாம், எப்படியும் புதுத் துணி போடத்தான் போகிறீர்கள்.

எடுத்துக்கொண்டு போனால் போதும், இலவசமாகவே தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

கல் சரியாக இருந்தால் வாங்கலாம். ஆனால் அதை இலவசம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கழற்ற, ஏற்றிக் கொண்டுவர, இறக்கிப் பூட்ட, மட்டப்படுத்த, புதுத் துணி போட என்று எல்லாவற்றுக்கும் ஆகும் செலவுதான் அந்த டேபிளின் விலை. பல நேரம் இந்தச் செலவுக்குப் பயந்துதான் வைத்திருப்பவர்களே சும்மா கொடுக்கிறார்கள். வேலை தெரிந்த ஒருவரிடம் மொத்தத்துக்கும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

நாலு நண்பர்கள் சேர்ந்து டேபிளை அப்படியே அலாக்காகத் தூக்கி வண்டியில் ஏற்றலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். கல் விரியும், கால் முறியும், முதுகும் போகும். கழற்றித்தான் கொண்டுவர வேண்டும். கற்களைத் தட்டையாகப் படுக்கவைக்காமல், கண்ணாடியைக் கொண்டுபோவதுபோல நிமிர்த்தி, இடையில் கம்பளி வைத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டும். எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று சின்னப் பைகளில் போட்டு எழுதி வைத்தால் பூட்டும்போது நேரம் மிச்சம்.

மாடி அறை இவ்வளவு எடையைத் தாங்குமா?

8 அடி ஸ்லேட் டேபிள் ஒன்று மொத்தமாக 350 முதல் 450 கிலோ வரும். கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் அந்த எடை மூன்றரைச் சதுர மீட்டரில் பரவுகிறது, சதுர மீட்டருக்குச் சுமார் 100 முதல் 130 கிலோ. வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத் தாங்கும்படி கணக்கிடுவது பல நாடுகளில் வழக்கம். அதனால் ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மரத்தளம், பழைய வீடு, ஏற்கெனவே விரிசல் கண்ட தளம் என்றால் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள். இதில் ஊகம் வேண்டாம்.

கல் துண்டுகள் படிக்கட்டில் திரும்புமா என்பதையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

குஷன் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகத்தால் அழுத்துங்கள். உயிருள்ள ரப்பர் அமுங்கி உடனே எழும். செத்த ரப்பர் கட்டைபோல இருக்கும், சில நேரம் உள்ளே நொறுங்குவதுகூடக் கேட்கும். அடுத்து, ஒரு முனையிலிருந்து வெள்ளைப் பந்தை நல்ல வேகத்தில் நேராக அடியுங்கள். நல்ல டேபிளில் பந்து டேபிளின் நீளத்தைப்போல் நாலு, நாலரை மடங்கு தூரம் போய்த்தான் நிற்கும். இரண்டு நீளத்திலேயே களைத்துவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டும். எல்லாப் பக்கமும் அடித்துப் பாருங்கள். ஆறு குஷன் துண்டுகளில் ஐந்து நன்றாகத் துள்ளவைத்து, ஒன்றில் மட்டும் பந்து 'தொப்' என்று விழுவதும் உண்டு. சில நேரம் அது ரப்பர் அல்ல, தளர்ந்த போல்ட். முறுக்கினால் சரியாகிவிடும்.

ரப்பர் வாங்கும்போது வடிவத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கே-66 என்ற வடிவம்தான் பரவலானது, கே-55 என்றும் ஒன்று உண்டு. மாற்றிப் போட்டால் குஷன் மூக்கின் உயரம் தவறிவிடும். மூக்கு பந்தின் உயரத்தில் 63.5 சதவீதத்தில் இருக்க வேண்டும், பூல் பந்துக்கு அது சுமார் 36 மி.மீ. உயரம் குறைந்தால் பந்து துள்ளும், கூடினால் படுகையோடு அமுங்கி வேகம் சாகும்.

துணி எது போடுவது?

இரண்டு வகை. மயிர் எழும்பிய கம்பளித் துணி மலிவு, பந்து கொஞ்சம் நிதானமாக ஓடும். இழை முறுக்கி நெருக்கமாக நெய்த துணி வழவழப்பானது, வேகமானது, பஞ்சு பிரியாது, விலை கூடுதல். பெல்ஜியத்தின் சிமோனிஸ் இந்த இரண்டாம் வகையில் பெயர் பெற்றது. வீட்டில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் வகையே போதும் என்பேன். சேமித்த பணத்தை ரப்பருக்குப் போடுங்கள். படுகைக்கும் குஷனுக்கும் ஒரே நேரத்தில், ஒரே துணியில் போட வேண்டும்.

நிறம் உங்கள் விருப்பம். நீண்ட நேரம் ஆடுகிறவர்களுக்குப் பச்சையும் நீலமும் கண்ணை உறுத்தாது.

டேபிளோடு இலவசமாகத் தரும் பந்தும் கோலும் போதுமா?

ஆரம்பத்துக்குப் போதும். மாற்றுவதாக இருந்தால் முதலில் பந்தை மாற்றுங்கள், கோலை அப்புறம். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., எடை 156 முதல் 170 கிராம். மலிவுப் பந்துகள் பாலியெஸ்டர், ஒன்றுக்கொன்று எடை மாறும், சீக்கிரம் பொலிவு மங்கும். ஃபீனாலிக் பிசினில் செய்தவை பல வருஷம் உழைக்கும், உரசலில் துணியையும் குறைவாகச் சுடும். பெல்ஜியத்தின் அராமித் பந்துகள் இந்த வகை. பழைய பந்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். குறிப்பாக வெள்ளைப் பந்து மற்றவற்றைவிடக் கனமாக இருந்தால் அது காசு டேபிளிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கோலைத் தேர்ந்தெடுக்க டேபிள்மேல் உருட்டிப் பார்த்தால் போதும். நுனி துள்ளினால் வளைந்திருக்கிறது. 19 அவுன்ஸ், அதாவது சுமார் 540 கிராம், பெரும்பாலானோர் கைக்குச் சரியாக இருக்கும். நுனித் தோல் 13 மி.மீ. அளவில், ஒட்டவைத்ததாக இருக்கட்டும், திருகி மாட்டும் நுனி சீக்கிரம் ஆடிவிடும். நல்ல கோல் இரண்டு போதும், எட்டு வேண்டாம்.

வலைப் பாக்கெட்டா, பந்து உருண்டு ஒரே இடத்துக்கு வரும் வகையா?

வலை. பழுதாக எதுவுமில்லை. உருண்டு வரும் வகையில் பந்து உள்ளே மாட்டிக்கொண்டால் எடுப்பது தலைவலி.

மடக்கி வைக்கும் டேபிள், மேலே பலகை போட்டால் டேபிள் டென்னிஸ் ஆகும் டேபிள், இவை எப்படி?

மடக்கு டேபிள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், அப்படி நினைத்து வாங்கினால் ஏமாற்றமில்லை. மேல்பலகை வேறு விஷயம். எந்த நல்ல டேபிளுக்கும் பிறகு தனியாக ஒரு பலகை செய்து போட்டுக்கொள்ளலாம். ஒரு அறையை இரண்டு வேலைக்குப் பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. 'மூன்று ஆட்டம் ஒரே டேபிளில்' என்று விற்பவற்றில் பூல் படுகை பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும்.

பூலுக்குப் பதில் ஸ்னூக்கர் டேபிள் வாங்கலாமா?

முழு அளவு ஸ்னூக்கர் டேபிளின் ஆடுபரப்பு 3569க்கு 1778 மி.மீ. கோலையும் சேர்த்தால் அறை 21 அடிக்கு மேல் நீளமும் பதினைந்தரை அடி அகலமும் வேண்டும். அத்தனை இடம் இருந்தாலும் எடையும் பூட்டுகூலியும் குறைந்த செலவு என்ற பேச்சுக்கு வராது. இன்னொன்று, ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., பாக்கெட்டும் குறுகலானது. ஒன்றின் பந்தை மற்றதில் போட்டு ஆட முடியாது. பழைய டேபிள் வாங்கும்போது அது எந்த ஆட்டத்துக்குச் செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விளக்குக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டுமா?

கொஞ்சம். ஒரே பல்பு நடுவில் தொங்கினால் பந்துக்கு அடியில் நிழல் விழும், ஓரங்கள் இருட்டாக இருக்கும். டேபிளின் நீளத்துக்கு இரண்டு மூன்று விளக்குகள், அல்லது ஒரு நீள எல்இடி பட்டை போதும். போட்டி விதி படுகையின் எல்லா இடத்திலும் 520 லக்ஸ் கேட்கிறது, நகர்த்த முடிகிற விளக்கு படுகையிலிருந்து 40 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்கும் அந்த உயரம் நல்லது, குனிந்து நிமிரும்போது தலையில் இடிக்காது. டேபிள் நிலையாக நின்ற பிறகு விளக்கை மாட்டுங்கள். முன்பே மாட்டிவிட்டு டேபிளை அதற்காக நகர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்தத் தொகையையும் டேபிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். பழைய ஸ்லேட் டேபிள் என்றால் பாதியை டேபிளுக்கும், மீதிப் பாதியை ஏற்றி இறக்கவும் பூட்டவும் துணிக்கும் ஒதுக்குவேன். பந்து, கோல், விளக்கு எல்லாம் அடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாக வரட்டும். பூட்டுகிறவருக்குக் கொடுக்கும் கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அருமையான கல்லையும் அரைகுறையாகப் பூட்டினால் எம்டிஎஃப் மாதிரிதான் ஆடும்.

துணியையும் டேபிளையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆடி முடித்ததும் பிரஷால் ஒரே திசையில் தேயுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். கோல் நுனியில் பூசும் சாக்கட்டியை டேபிளுக்கு மேலே வைத்துப் பூசாமல் தள்ளி நின்று பூசுங்கள். ஆடாத நேரத்தில் மூடி வையுங்கள், ஜன்னல் வெயில் துணியை வெளுக்கும், ரப்பரையும் காயவைக்கும். ஓரத்தில் யாரும் உட்கார வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம், பெரியவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். கோலைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், மாட்டி வையுங்கள். தேநீர்க் கோப்பைக்கு டேபிள் ஓரம் இடமல்ல, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுவிடுங்கள்.

டேபிள் வந்து இறங்கிய நாளில் நான் என்ன செய்ய வேண்டும்?

பக்கத்தில் இருங்கள். துணி விரிப்பதற்கு முன்பே கல்லின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நடுவில் ஓர் இடத்தில் மட்டுமல்ல, ஆறேழு இடங்களில், நீளவாக்கிலும் குறுக்காகவும். கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் சின்ன ஆப்பு வைத்துச் சரிசெய்வார்கள். அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். இணைப்பின்மேல் உங்கள் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக் கூடாது.

துணி போட்டு முடிந்ததும் பூட்டியவர் கிளம்புவதற்கு முன் பந்தை எடுத்து, நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என மெதுவாக உருட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி உருட்டியபோது ஒரு மூலைக்கு அருகில் மட்டும் கடைசி ஒரு சாணில் பந்து லேசாக விலகியது. சொன்னதும் அவர் மறுபேச்சில்லாமல் காலடித் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். அடுத்த முறை பந்து குஷனுக்கு விரல்கடை தூரத்தில், போட்ட கோட்டிலேயே நின்றது. ஒரு மாதம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். புதிய எடையில் கால்கள் தரையில் அழுந்தி உட்கார அவ்வளவு நாள் ஆகும்.